மெதுவா என்பது யார் பெயர்?

என் அண்ணனை நான் 'நீ' என்று கூப்பிடுவேன். அண்ணியை 'நீங்க' என்பேன். மரியாதை அவரவர் சம்பாதிப்பது. அண்ணி அதைச் சம்பாதித்தது ஒரு பழைய வெள்ளைக் காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து. அந்தப் பக்கமும் காலடியில் ஒரு பிரேக் உண்டு.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஆனால் லைசென்ஸ் வாங்கித் தருவது அவர் வேலை இல்லை. அவரிடம் வருகிற எல்லாரிடமும் லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கும். வாங்கி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, வருஷக்கணக்கில் ஸ்டியரிங்கைத் தொடாதவர்கள். ஒருத்திக்குப் பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்திருப்பான். இன்னொருத்தியைப் பார்த்து, "உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?" என்று வீட்டில் சிரித்திருப்பார்கள். ஒருவர் சுவரில் இடித்தார். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்தான் அன்றோடு இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வகுப்பில் அண்ணி வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடமாட்டார். காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் காரை நிறுத்திவிட்டு, இடம் மாறி உட்காரச் சொல்வார். சீட்டை முன்னால் தள்ளு, கண்ணாடியைத் திருப்பு, கதவைத் திற, மூடு. அப்புறம் ஒரு கேள்வி.

"பயம் வந்தா என்ன பண்ணணும்?"

"நிறுத்தணும்."

"பின்னாடி வரவன் திட்டினா?"

"...திட்டட்டும்."

அந்தத் 'திட்டட்டும்' தயங்காமல் வருகிற வரைக்கும் சாவி கைக்கு வராது. வந்து, வண்டி தெருவில் இறங்கிவிட்டால் அண்ணியின் வாயில் ஒரே சொல்தான். மெதுவா. திருப்பத்தில் மெதுவா, மேட்டில் மெதுவா, எதிரில் பஸ் வந்தால் மெதுவா. அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. 'மெதுவாகிட்ட போ, அவங்க சொல்லித் தருவாங்க' என்று ஒருத்தி இன்னொருத்தியை அனுப்புவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காரில் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது. "விளம்பரம் இல்லாம என்ன தொழில் இது?" என்று அண்ணன் கேட்டதற்கு அண்ணி ஒருமுறைதான் பதில் சொன்னார்.

"பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பா. 'இன்னுமா கத்துக்கிட்டிருக்கே?'ன்னு கேப்பா. மறுநாள் அவங்க வர மாட்டாங்க."

ஆகவே, சொந்தக்காரி மாதிரி தெரு மூலையில் வந்து நின்று, சொந்தக்காரி மாதிரி ஏற்றிக்கொண்டு போவார். பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள். யார் வருகிறார்கள், யார் அழுதார்கள், யார் நடுரோட்டில் வண்டியை விட்டு இறங்கி ஓடினார்கள் என்று எங்களிடம்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வம்பு கேட்பதில் அலாதி ஆர்வம் உள்ள எனக்கு இது பெரிய ஏமாற்றம்.

பலகை இல்லாதவரை ஜனங்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதற்குத்தான் நான். சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அண்ணிக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். "என்ன பேர் வைக்கலாம்?" என்றேன். "எல்லாரும் எப்படிக் கூப்பிடறாங்களோ அப்படியே வை" என்றார். இணையத்தில் 'மெதுவா' யாரும் வாங்காமல் சும்மா கிடந்தது. வாங்கினேன். கதவு திறந்து நிற்கிற காரின் படம், ஒரு போன் நம்பர், அதற்குக் கீழே கற்றுக்கொண்டவர்கள் பெயர் போடாமல் எழுதிய வரிகள். 'இன்னிக்கு முதல் தடவையா பாலத்துல ஏறினேன்.' 'மழையில ஓட்டினேன், ஒண்ணும் ஆகல.' இதைப் படித்துவிட்டுத்தான் புதிது புதிதாக ஆட்கள் போன் பண்ணுவார்கள். அண்ணியின் தொழிலுக்கு இருந்த ஒரே வாசல் அதுதான்.

அந்த வாசலுக்குத்தான் பங்காளி வந்து சேர்ந்தான். வேறொரு ஊரில், வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் விற்கிற ஒரு கம்பெனி. அதன் பெயரும் மெதுவா. நாங்கள் இணையத்தில் பெயர் வாங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே அவர்கள் டிரேட்மார்க் வாங்கியிருந்தார்கள். அப்போது சின்னக் கம்பெனி, எங்கள் காதுக்கே எட்டவில்லை. இப்போது வளர்ந்து, பஸ்ஸின் முதுகில் எல்லாம் அந்தப் பெயர்தான்.

தெருவில் இது ஒரு சண்டையே இல்லை. மெதுவா செருப்புக்கடைக்குப் பக்கத்திலேயே மெதுவா சலூன் இருக்கலாம், இரண்டு பேரும் காலையில் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். இணையத்தில் அப்படி முடியாது. ஒரு பெயருக்கு ஒரே கதவு. முதலில் வந்து கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார்கள், டிரேட்மார்க் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. தகராறு எல்லாம் பிறகுதான்.

கம்பெனியின் வக்கீல்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தபோது நான் வேறொரு ஊரில், ஒரு லாட்ஜுக்கு வெப்சைட் செய்துகொண்டிருந்தேன். 'எங்கள் டிரேட்மார்க்கை மீறுகிறீர்கள், பெயரை உடனே ஒப்படையுங்கள்' என்று கண்டிப்பான பாஷையில் எழுதியிருந்தார்கள். அண்ணி எனக்குப் போன் பண்ணவில்லை. ஊருக்கெல்லாம் எதைச் சொல்லிக் கொடுப்பாரோ, அதையே செய்தார். எங்களுக்கு இணையப் பெயரை விற்ற கம்பெனியின் பக்கத்துக்குப் போய், நான் கொடுத்து வைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு, 'தளத்தை நிறுத்து' என்ற பட்டனை அழுத்திவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது விஷயம் ஆறிப்போய் இரண்டு வாரம்.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"பயம் வந்துச்சு. நிறுத்தினேன்."

"அது கார், அண்ணி! இது வெப்சைட்!"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு வந்தது மூக்கோடு நிற்கவில்லை. பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கார் படம் இருந்த இடத்தில் வரிசையாக விளம்பரங்கள். 'மெதுவா இன்ஷூரன்ஸைவிடக் குறைந்த விலை!' 'மற்ற இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இங்கே!' காலி மனையின் சுவரைக் கண்டால் யாரோ வந்து போஸ்டர் ஒட்டிவிட்டுப் போவார்கள் இல்லையா, அந்தக் கதைதான். தளம் காலியானதும் பெயரை விற்ற கம்பெனி தானாகவே விளம்பரத்தைப் போட்டுக்கொண்டது. எங்களுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. ஆனால் கதவில் தொங்குவது எங்கள் பெயர்.

கம்பெனியின் வக்கீல்கள் அந்தப் பக்கத்தை அழகாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இணையப் பெயர்த் தகராறுகளைத் தீர்க்கிற அமைப்பில் புகாரும் கொடுத்துவிட்டார்கள். புகாரைப் படிக்கப் படிக்க எனக்குக் காது சூடானது. இந்தப் பெண்ணுக்கும் இந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவள் வண்டியில் இந்தப் பெயர் இல்லை, லைசென்ஸில் இல்லை, தொழில் பதிவில் இல்லை, வீட்டு வாசலில்கூட இல்லை. எங்கள் புகழை வைத்து எங்கள் போட்டியாளர்களுக்கு ஆள் பிடிக்கிறாள். இப்படிப் போனது. அதில் பொய் என்று சட்டென்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பழைய தளத்தை முதலில் திரும்ப ஏற்றினேன். பிறகு உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். இது கோர்ட் இல்லை. எங்கேயோ ஒரு நடுவர், இரண்டு பக்கமும் எழுதி அனுப்புவதைப் படித்துத் தீர்ப்பு எழுதுவார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பதில் அனுப்ப மூன்று வாரம்கூட இல்லை. பெயர் எங்கள் டிரேட்மார்க் மாதிரியே இருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று மூன்றையும் கம்பெனி நிரூபிக்க வேண்டும். ஒன்று தவறினாலும் பெயர் எங்களுக்கே. முதலாவதில் வாதாட வழியில்லை, அதே பெயர்தான். இரண்டாவதைப் படிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. டிரேட்மார்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஜனங்கள் ஒருவரை அந்தப் பெயரால் பரவலாக அறிந்திருந்தால் அதுவே உரிமை.

துள்ளிக் குதித்து எழுந்தேன். அண்ணி சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஜெயிச்சாச்சு! உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க பத்துப் பேர் எழுதிக் கொடுத்தாப் போதும். 'இவங்களை நாங்க மெதுவான்னுதான் கூப்பிடுவோம்'னு. அவ்வளவுதான்."

"அவங்க பேரைப் போட்டா?"

"பின்ன? பேர் இல்லாம எழுதினா யார் நம்புவாங்க?"

"அது அந்தக் கம்பெனிக்கும் போகுமா?"

"போகும்."

"தீர்ப்பை நெட்ல போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அப்ப நான் யாரையும் கேக்க மாட்டேன்."

நான் கத்தினேன். அண்ணன் வந்து, "விடு, வேற பேர் வச்சுக்கலாம். 'வேகமா'ன்னு வை, யாரும் போட்டிக்கு வரமாட்டாங்க" என்றான். நாங்கள் இரண்டு பேரும் பார்த்த பார்வையில் அப்படியே கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அண்ணி கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. "எங்கப்பா ஒரு பேர் வச்சாரு. இங்க வந்தப்ப உங்கம்மா, வாயில நுழையலன்னு மாத்திட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. இந்தப் பேரை யாரும் எனக்கு வைக்கல. தானா வந்துச்சு. இது போனா எனக்குத் தாங்காது" என்றார். கண் நிறைந்துவிட்டது. "ஆனா அதுக்காக அவங்களைக் காட்டிக்கொடுக்கணுமா? யாருக்கும் தெரியாதுன்னு நம்பித்தானே என் வண்டியில ஏறினாங்க?"

என் கோபம் போகவில்லை. நல்லவர்களோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பதில் எழுத உட்கார்ந்தேன். என் முதல் பிரதி குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "இது வேண்டாம், இது வேண்டாம்" என்று ஒவ்வொரு வரியாக எடுக்கச் சொன்னார். 'பகல் கொள்ளை' போனது. 'ஏழை என்றால் இளக்காரமா' போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு பெண் தன் பெயர் மெதுவா என்று தானே சொல்லிக்கொள்கிற அரைப் பக்கம். அதை வைத்துக்கொண்டு ஒரு பூனைக்குட்டியைக்கூட நம்பவைக்க முடியாது.

அப்போதுதான் வாசலில் ஒரு கார் வந்தது. எங்கள் சந்து அகலம் எல்லாருக்கும் தெரியும், ஆட்டோக்காரரே முணுமுணுத்துக்கொண்டுதான் நுழைவார். அந்தக் கார் பின்பக்கமாக வந்து, மின்கம்பத்துக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் ஒரே தடவையில் நின்றது. இறங்கியவர் ஒரு பேங்க் மேனேஜர் அம்மா. அண்ணியிடம் எப்போதோ கற்றுக்கொண்டவர். அதையும் அவராகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என் தங்கச்சி பொண்ணுக்கு அன்னிக்கு உங்க பக்கத்தைக் காட்டலாம்னு திறந்தா, இன்ஷூரன்ஸ் விளம்பரமா வந்துச்சு. தொழிலை விட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன். என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல, நீங்க உக்காருங்க" என்றார் அண்ணி.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒன்று விடாமல் கொட்டிவிட்டேன். அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பக்கத்து இருக்கைப் பிரேக்கை மிதித்துப் பழகிய கால், நன்றாகவே வலித்தது. ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

மேனேஜர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து அண்ணியின் நம்பரைத் தேடி என்னிடம் நீட்டினார். திரையில் 'மெதுவா' என்று இருந்தது.

"டிரைவிங் கிளாஸ்னு போட்டா வீட்டுல பார்த்துடுவாங்கன்னு இப்படிப் போட்டேன். மாமியார் போனைக் கையில வச்சுக்கிட்டு, 'மெதுவான்னு யாரோ கூப்பிடறாங்க'ன்னு வீடே அதிரக் கத்துவாங்க. முழங்காலுக்குப் பிசியோதெரபி பண்றவங்கன்னு சொல்லி வச்சிருந்தேன். நல்லாத்தான் நம்பினாங்க. கண்ணை மூடற வரைக்கும் முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க." சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என் பேரைப் போடும்மா. பதவியோட சேர்த்துப் போடு."

"வேண்டாங்க, உங்க பிராஞ்ச்ல..." என்று அண்ணி ஆரம்பித்தார்.

"மெதுவா, நீங்க சும்மா இருங்க. நீங்க கேக்கல. நானாத் தரேன்."

அவர், தான் அண்ணியிடம் கற்றுக்கொள்ள அனுப்பிவைத்த ஒரு நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் இன்னொருத்தியிடம். அந்த வாரம் முழுக்க என் போனுக்குப் படங்கள் வந்தபடி இருந்தன. 'மெதுவா.' 'மெதுவா அக்கா.' 'மெதுவா பாலம்.' ஒருத்தி 'மெதுவா பிளம்பர்' என்று போட்டிருந்தாள், அவள் வீட்டுக் குழாய் என்ன பாடுபட்டதோ. எந்தப் பலகையிலும் இல்லாத பெயர், மறைப்பதற்காகவே இத்தனை போன்களில் எழுதப்பட்டு உட்கார்ந்திருந்தது. நர்ஸ் அனுப்பியதுதான் எல்லாவற்றிலும் கெட்டி. 'மெதுவா, இன்னிக்கு நைட் டியூட்டி, நாளைக்கு வரேன்' என்று பழைய குறுஞ்செய்தி. கம்பெனி டிரேட்மார்க் வாங்குவதற்கு வெகு முன்னால் தேதி போட்டது. அதைப் பார்த்ததும் நான் கூடத்தில் ஆடினேன். அண்ணன் கைதட்டினான்.

எல்லாரும் வந்துவிடவில்லை. அண்ணியிடம் அப்போது கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், ரெடிமேட் துணிக்கடையில் தையல் வேலை செய்கிறவள், யார் மூலமாகவோ கேள்விப்பட்டு அண்ணிக்குப் போன் பண்ணினாள். அவள் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது.

"அக்கா, என்னால எழுதிக் கொடுக்க முடியாதுக்கா. அவருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். தப்பா நினைக்காதீங்க."

"உன்னை யாரு கேட்டா?"

"மத்தவங்க யாராவது என் பேரைச் சொல்லிட்டா?"

"உன் பேர் வராது. நான் பார்த்துக்கறேன்."

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வெட்கமா பயமா தெரியாது. அவளுக்கு உரிய நேரத்தை அண்ணி வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் வீட்டுத் தெரு மூலையில் போய்க் காரை நிறுத்திக்கொண்டு, நேரம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். "பெட்ரோலுக்குக் கேடு" என்று அண்ணன்கூடச் சொல்லவில்லை.

பதிலை அனுப்பினோம். விளம்பரப் பக்கத்தைப் பற்றி மழுப்பாமல் எழுதினேன். கம்பெனியின் கடிதம் வந்ததும் பயந்துபோய் நிறுத்தினோம், காலியான இடத்தில் பெயரை விற்றவர்கள் விளம்பரம் போட்டுவிட்டார்கள், அதை உடனே கவனிக்காதது எங்கள் தவறுதான். இதை எழுதச் சொன்னது அண்ணி. எனக்கு இஷ்டமே இல்லை. எதிராளி கையில் நாமே கம்பை எடுத்துக் கொடுப்பானேன்?

தீர்ப்பு ஒரு சாயங்காலம் வந்தது. அண்ணி அப்போதுதான் கடைசி வகுப்பை முடித்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கடைசிப் பக்கத்துக்கு ஓடினேன். 'புகார் நிராகரிக்கப்படுகிறது.' அண்ணனைத் தோளில் ஓங்கி அடித்தேன். அவனும் கோபித்துக்கொள்ளவில்லை.

"படி, படி" என்றான்.

படித்தேன். பிரதிவாதி 'மெதுவா' என்ற பெயரால், புகார்தாரரின் டிரேட்மார்க்குக்கு முன்பிருந்தே, தன் தொழிலில் பரவலாக அறியப்படுகிறவர். விளம்பரப் பக்கத்துக்கு அவர் பொறுப்புதான். ஆனால் அடுத்தவர் பெயரை வைத்து ஆதாயம் தேடுகிறவர், முதல் கடிதம் வந்த உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்க மாட்டார். நிறுத்தியதையே நடுவர் அவருடைய நேர்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருந்தார்! முகம் தெரியாத அந்த மனிதருக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன். கம்பெனி நினைத்தால் இனிமேலும் கோர்ட்டுக்குப் போகலாம். இன்றுவரை போகவில்லை, அவர்கள் பஸ்ஸின் முதுகில் இருக்கிறார்கள், நாங்கள் எங்கள் கதவில் இருக்கிறோம்.

"அண்ணி, கேட்டீங்களா? கவர்மென்ட் பேப்பர் மாதிரி எழுதியே கொடுத்துட்டாங்க, நீங்கதான் மெதுவான்னு!"

அண்ணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து, விரலைத் திரையில் வைத்து வரி வரியாகப் போனார். தன் வெற்றியை ரசித்துப் படிக்கிறார் என்று நினைத்தேன், பாவம், படிக்கட்டும். ஆனால் என் கண்ணில் பட்ட அந்த அருமையான வரிகளை எல்லாம் நிற்காமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். பெயர்கள் வருகிற இடத்தில் மட்டும் விரல் நின்றது.

"என்ன அண்ணி தேடறீங்க?"

"இரு."

கடைசி வரி வரைக்கும் போனார். இணைப்புகளின் பட்டியலையும் விடவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தார். ரொம்ப நேரம் மணி அடித்தது. எடுத்தார்கள். பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான்தாம்மா. தீர்ப்பு வந்துடுச்சு. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் நானே பார்த்துட்டேன். உன் பேர் எங்கயும் இல்ல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு மூலையில நிக்கறேன். வரியா?"

"அக்கா... நீங்க ஜெயிச்சீங்களா?"

அண்ணி என்னைப் பார்த்தார். அதைச் சொல்ல மறந்துபோனது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

"அதுவா? ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சு. நீ வரியா, அதைச் சொல்லு."